மாதம் ஒரு பரோட்டா சாப்பிட்டால் என்ன, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 36, ஊர் திருச்சி. பத்து வருடமாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8-க்கு மேல் ஏறியதில்லை. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். போன வருடம் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலில் இருந்து சதை எடுத்துச் சோதித்து ‘சீலியாக்’ என்றார்கள். கோதுமையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஹீமோகுளோபின் 11.4 வந்துவிட்டது. எனக்கு வயிற்றுப்போக்கு எப்போதுமே கிடையாது, கொஞ்சம் உப்புசம் வரும், அவ்வளவுதான். சென்ற மாதம் தங்கை மகன் பிறந்தநாளில் ஆசைக்கு ஒரு பரோட்டா சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை. மாதம் ஒருமுறை சாப்பிடலாமா? இன்னொன்று, இந்த நோய் முற்றினால் குடலில் புற்றுநோய் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஒன்பது வயது மகளுக்கும் இது வருமா?

பதில்: பரோட்டாவிலிருந்தே ஆரம்பிப்போம். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயிறு பத்து வருடமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது? அந்தப் பத்து வருடமும் குடல் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே, இந்த விஷயத்தில் உங்கள் வயிற்றின் சாட்சியத்தை நான் ஏற்பதாக இல்லை.

சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்று விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும் நுண்ணிய அமைப்புகள் உண்டு. நாற்றங்காலில் பயிர் நிற்குமே, அந்த நெருக்கம். சாப்பாட்டின் சத்தை ரத்தத்துக்கு இழுத்துக் கொடுப்பது இவைதான். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது யாருக்குமே முழுதாகச் செரிப்பதில்லை. பெரும்பாலோர் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அடி விழுவது சொந்தக் குடலுக்கு. மாடு புகுந்து மேய்ந்த நாற்றங்கால் மாதிரி உறிஞ்சிகள் தரையோடு தரையாகிவிடும். இது அலர்ஜி இல்லை, செரிமானக் கோளாறும் இல்லை. உங்கள் தைராய்டு பிரச்சினையும் பெரும்பாலும் இதே ஜாதிதான். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் இந்த வகை நோய்கள் ஒன்றுக்கொன்று துணையாக வருவது வழக்கம்.

இரும்புச்சத்து உடம்பில் சேரும் இடம் சிறுகுடலின் முதல் பகுதி. சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். மாத்திரை வாய் வழியே போனது, உள்ளே வாங்குவதற்கு ஆள் இல்லை. பத்து வருடம் உங்களுக்கு இந்த நோய் இருக்கும் என்று யாரும் சந்தேகப்படாததற்கும் காரணம் உண்டு. வட இந்தியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. தெற்கே அதைவிட மிக மிகக் குறைவு. பஞ்சாபில் ஒரு டாக்டர் முதலில் நினைக்கிற நோயை இங்கே நாங்கள் கடைசியில் நினைக்கிறோம். ‘பொம்பளைக்கு ரத்தம் கம்மிதான், கீரை சாப்பிடுங்க’ என்று அனுப்பிவிடுகிறோம். எங்கள் தரப்பின் தவறை நானே ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அளவுக்கு வருவோம். சீலியாக் உள்ள பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை குடல் பொறுத்துக்கொள்கிறது. தினம் 50 மில்லிகிராம் வீதம் சில மாதம் போனால் குடல் சேதமாவது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. இப்போது பரோட்டாக் கடையை நினைத்துப் பாருங்கள். மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் காகிதம் மாதிரி விரிகிறதல்லவா? அந்த இழுவைதான் குளூட்டன். அரிசி மாவை அப்படி வீச முடியாது, உதிர்ந்துவிடும். ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதா என்று வைத்துக்கொண்டாலும் நாலைந்து கிராம் குளூட்டன் உள்ளே போகிறது. உங்கள் ஒரு நாள் வரம்பைப் போல 400 மடங்குக்கு மேல். பெரியவர்களுக்குக் குடல் ஆற இரண்டு வருடம்கூட ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். மாதாமாதம் மாட்டை உள்ளே விட்டால் நாற்று எப்போது தலைதூக்கும்? ஆகவே மாதம் ஒன்று வேண்டாம். போன மாதம் சாப்பிட்டது போகட்டும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை, பரிகாரமும் இல்லை; பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்பினால் போதும்.

ஹீமோகுளோபின் 11.4 நல்ல முன்னேற்றம். ஆனால் குடலைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையை நோய் கண்டுபிடித்த பிறகு மறுபடி எடுத்தீர்களா என்று எழுதவில்லை. அந்த அளவு இறங்கிக்கொண்டே வரவேண்டும். இறங்காவிட்டால் தெரியாமல் எங்கிருந்தோ கோதுமை வருகிறது என்று அர்த்தம்.

என்னிடம் வரும் ஒரு பெண்மணி அப்படித்தான். கோதுமையை வீட்டுப் படி ஏற்றுவதில்லை, ஓட்டலுக்குப் போவதில்லை, ஆனால் டிடிஜி ஒரு வருடமாக நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு நாள் ‘கேழ்வரகு மாவு கடையிலா வாங்குகிறீர்கள்?’ என்றேன். ‘இல்லை டாக்டர், சுத்தமா இருக்கணும்னு நானே கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கிறேன்’ என்றார். பிடி கிடைத்தது. மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், உங்கள் தூக்கில் முதலில் விழுவது அவருடைய மாவுதான். மிளகாய்த்தூளுக்கு மட்டும் தனி மெஷின் வைத்திருப்பார்கள், கோதுமைக்கு வைப்பதில்லை. அவர் வீட்டிலேயே மிக்ஸியில் அரைக்க ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் டிடிஜி பாதிக்குக் கீழே வந்தது.

இன்னொரு ஆள் பெருங்காயம். கட்டியோ தூளோ, நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். அதில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகைதானே என்றால், சாம்பார், ரசம், மோர் என்று தினம் மூன்று சிட்டிகை. கோதுமை சேராத பெருங்காயமும் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சத்துமாவு, மால்ட் பானங்கள் (மால்ட் என்றாலே பெரும்பாலும் பார்லி), ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ், ரவை, சேமியா எல்லாமே ஆகாது. ஓட்ஸில் குளூட்டன் இல்லை என்றாலும் கோதுமையோடு கலந்துதான் பெரும்பாலும் வருகிறது, இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஓட்டலில் தோசை கேட்டால் அது ரவா தோசை ஊற்றிய அதே கல்லில் வரலாம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, அதை நம்பி வாங்கலாம். ஆனால் அந்த பிஸ்கட்டுகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதிகம், விலையும் யானை விலை. இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு, சாமை, தினை, கம்பு என்று சாப்பிடும் ஊரில் பிறந்திருக்கிறீர்கள். பஞ்சாபில் இதே நோய் வந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இனி புற்றுநோய். சீலியாக்கோடு தொடர்புள்ள சிறுகுடல் லிம்ஃபோமா என்று ஒன்று உண்டு, மறைக்கவில்லை. மற்றவர்களைவிட உங்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் மிக அரிதான ஒன்று சில மடங்கு கூடினாலும் அரிதாகவே இருக்கும். அதுவும் பெரும்பாலும், பல வருடம் கண்டுபிடிக்காமல் விட்டவர்களுக்கும், கட்டுப்பாடாக இருந்தும் குடல் ஆறாத சிலருக்கும்தான். குடல் ஆறியவர்களுக்கு இந்த ஆபத்து குறைந்துவிடுகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை இறங்குவது, விடாத வயிற்றுவலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்று ஏதாவது வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: எலும்பு. கால்சியமும் வைட்டமின் டி-யும் பத்து வருடம் சரியாகச் சேராத உடம்பு உங்களுடையது. எலும்பு தேய்வது வலிக்காது, ரத்தசோகை மாதிரி மூச்சும் வாங்காது. ஐம்பது வயதில் குளியலறையில் வழுக்கி லேசாக விழுந்து மணிக்கட்டு முறியும்போதுதான் தெரியும். மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி எப்படியும் இறங்கும். நீங்கள் அந்த இறக்கத்தை ஏற்கெனவே பள்ளத்தில் நின்றுகொண்டு தொடங்கக் கூடாது. எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. படுக்க வைத்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், ஊசி எதுவும் கிடையாது. எடுத்ததில்லை என்றால் எடுத்துவிடுங்கள். குடல் ஆற ஆற எலும்பும் தேறும். முப்பதுகளில் இருப்பது உங்களுக்கு அனுகூலம். வைட்டமின் டி, பி12, ஃபோலேட், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பின் இருப்பு) நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கிருமிகளை எதிர்க்க உதவும் மண்ணீரலின் வேலையை சீலியாக் சிலருக்கு மந்தமாக்கும் என்பதால், நிமோனியாக் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குடல் கெட்டிருந்தபோது மாத்திரை அரைகுறையாகத்தான் உள்ளே போயிருக்கும், அதற்கேற்ப அளவைக் கூட்டியிருப்பார்கள். இப்போது குடல் தேறிவருகிறது. அதே மாத்திரை அதிகமாகிவிடக்கூடும். காரணமில்லாமல் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை இருக்கிறதா? இல்லாவிட்டாலும் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். இரும்பு மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கவும் வேண்டாம், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அப்புறம் மகள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சீலியாக் இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம். அதாவது வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் பார்த்துவிட வேண்டிய அளவுக்கு ஆபத்து உண்டு. டிடிஜி ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ அளவு (ஐஜிஏ என்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை), ஒரே ஊசியில் இரண்டுக்கும் ரத்தம் எடுத்துவிடலாம். உங்கள் தங்கையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது இல்லை என்று வந்தாலும் பின்னால் வரலாம். உயரம் நின்றுபோனாலோ ரத்தம் குறைந்தாலோ உடனே, இல்லாவிட்டால் சில வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஜீன் பரிசோதனையில், இந்த நோயோடு தொடர்புள்ள டிக்யூ2, டிக்யூ8 ஜீன்கள் இரண்டுமே இல்லை என்றால் கிட்டத்தட்டக் கவலையே விட்டது. இருக்கிறது என்று வந்தால் பயப்படாதீர்கள், நோய் இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது.

பல அம்மாக்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘எனக்கு ஆகாதது பிள்ளைக்கும் வேண்டாம்’ என்று வீட்டில் கோதுமையையே ஒழித்துவிடுவார்கள். அதன் பிறகு பரிசோதனை செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்றே வரும். எட்டு மாதமாக மகளும் உங்களோடு சேர்ந்து கோதுமை சாப்பிடவில்லை என்றால், உடனே ரத்தம் கொடுக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் அதைச் சொல்லி, எத்தனை வாரம் சாப்பிட்ட பிறகு எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மகளுக்குச் சப்பாத்தி போடுங்கள். கல்லும் கட்டையும் மட்டும் அவளுக்குத் தனியாக இருக்கட்டும். மாவை வேறு யாராவது பிசைந்து கொடுத்தால் இன்னும் நல்லது.