நாலு மாட்டுச் சாணமும் அறுபது லீற்றர் கருப்பநீரும்

வணக்கம்.

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "பருவத்தில் நாளுக்கு 60 லீற்றர் கருப்பநீர் (பதநீர்) காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றுகிறோம். விறகுச் செலவும் புகையும் தாங்க முடியவில்லை. நாலு மாடு நிற்கிறது. சாண எரிவாயுத் தொட்டி கட்டினால் விறகை முழுதாக விட்டுவிடலாமா? சூழலுக்கும் நல்லதுதானே? ஆபத்து ஏதும் உண்டா?"

அன்புள்ள வாசகருக்கு,

விட முடியாது. தொட்டிக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

பனங்கட்டி ஊற்றுவதென்றால் தண்ணீரை ஆவியாக்குவதுதான் வேலை. 60 லீற்றரில் 7 கிலோ அளவில் கட்டி தேறும். ஏறக்குறைய மிச்சமெல்லாம் தண்ணீர். அதைக் கொதிக்கவைத்துப் போக்காட்ட 140 மெகாயூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தாச்சிக்குள் இறங்கவேண்டும். உள்ளூர் மாடொன்று கட்டி வளர்த்தால் நாளுக்கு 10 கிலோ சாணம் போடும் (பகலில் மேயவிட்டால் பாதிதான் கைக்கு வரும்). 40 கிலோ சாணத்தில் ஒன்றரைக் கன மீற்றருக்குச் சற்று மேல் வாயு, அதில் 32 மெகாயூல். அடுப்பில் பாதி வீணாகும். மிஞ்சும் 16 மெகாயூலில் 7 லீற்றர் கருப்பநீர்தான் வற்றும். மிச்ச 53 லீற்றருக்கு இன்னும் முப்பது மாடு வேண்டும்.

அதே வாயு குசினிக்கு நன்றாகக் காணும். மூன்று நாலு மணித்தியாலம் ஓர் அடுப்பு எரியும், 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றின் வேலையை இரண்டரைக் கிழமையில் செய்துவிடும். ஆக, தொட்டி வீட்டுக்கு. பனங்கட்டிக்கு அடுப்பைத் திருத்துங்கள்.

மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒன்றுதான் தாச்சிக்குப் போகும். 60 லீற்றருக்கு 70 கிலோ விறகு அப்படித்தான் கரைகிறது. சுற்றிவர மூடிய அடுப்பென்றால் 30 கிலோ அளவில் முடியும். அடியில் இரும்புச் சல்லடை, அதன்கீழ் காற்று வரும் சாம்பல் குழி, தாச்சிக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி. புகை நேரே மேலே போகாமல் பின்னால் இரண்டாவது தாச்சியின் அடியால் போய்ப் புகைபோக்கியில் ஏறட்டும். அங்கே புதுக் கருப்பநீர் சூடாகிக்கொண்டிருக்கும். புகைபோக்கிக்கு ஒரு தகட்டு அடைப்பு வையுங்கள். எரி பிடித்தபின் பாதி மூடாவிட்டால் வெப்பமெல்லாம் வானத்துக்குத்தான். ஊமல் (பனங்கொட்டைக் கோது), கங்குமட்டை, காவோலை எல்லாம் எரியும், ஆனால் காய்ந்திருக்கவேண்டும். ஈரமான மட்டைதான் உங்கள் புகையில் பெரும்பங்கு. பசளைக்குத் தாழ்க்கும் ஓலையை அடுப்புக்கு இழுக்காதீர்கள், தோட்டத்து மண் பட்டினி கிடக்கும்.

தாச்சி அலுமினியமென்றால் மாற்றுங்கள். சாறு இறக்கும் முட்டிக்குள் பூசிய சுண்ணாம்பு கருப்பநீரைக் காரமாக்கும், காரம் அலுமினியத்தை அரிக்கும். இரும்பு அல்லது எவர்சில்வர் போதும். சுண்ணாம்பு கூடினால் கட்டி கறுத்துக் கைக்கும், குறைந்தால் புளிக்கும். அடையவிட்டு வடித்தபின் காய்ச்சுங்கள். கடைசிக் கட்டத்தில் பாகு 115 பாகையைத் தாண்டும், தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டே வேகும். சிறுபிள்ளைகள் அந்தப் பக்கம் வேண்டாம். கொட்டில் ஓலைக்கூரையென்றால் புகைபோக்கியைச் சுற்றி இரண்டடிக்குத் தகரம் போடுங்கள்.

இனித் தொட்டி. இதில் உயிராபத்து, உள்ளே இறங்குவது. அங்கே ஒட்சிசன் இல்லை, ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை மணம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது. மணமில்லை என்று நம்பி இறங்கியவர் விழ, தூக்கப் போனவரும் விழுவார். அடைப்பெடுப்பதை வெளியிலிருந்து நீளத் தடியால் செய்யுங்கள். குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசி மாதமொருமுறை கசிவு பாருங்கள். சாண வாயுவில் எரியும் பகுதி மெதேன். எரியாமல் கசியும் மெதேன், நூறாண்டுக் கணக்கில் அதே எடைக் காபனீரொட்சைட்டை விட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கசியும் தொட்டியைப் பச்சை என்று சொல்ல ஏலாது. சுவாலை மஞ்சளாகித் துடித்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தாழ்ந்த இடத்தில் ஒரு திருகி வைத்து வடியுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு. எங்கள் மண் மெல்லியது, கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். கிணற்றுக்கு 50 அடி, 100 அடி தள்ளு என்பதெல்லாம் மண் வடிகட்டும் ஊருக்குச் சொன்ன கணக்கு. கல்வெடிப்பில் சாணநீர் வடிபடாமலே ஓடும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று (சாணத்திலும் பசளையிலும் உள்ள நைதரசனிலிருந்து வருவது) ஏற்கனவே உலகச் சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லைக்கு மேல் நிற்கிறது. அந்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது நஞ்சு. ஆகவே சாணம் போடுமுன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி, மட்டத்தைக் கோடு கீறி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இறங்கினால் பூசுங்கள், திரும்பவும் நிரப்புங்கள். வெளிவரும் கரைசலில் சாணத்தின் நைதரசன் அப்படியே இருக்கும். அதை இறைக்கும் பாத்திக்கு யூரியாவைக் குறையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை இப்போதே ஒருக்கா நைத்திரேற்றுக்குப் பரிசோதித்து எழுதி வையுங்கள். தொட்டி கட்டி ஒரு மாரி கழிந்தபின் திரும்பப் பாருங்கள்.

அன்புடன்.