காலையில் ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் தேவனோடு நெருங்கி வாழ்வது எப்படி?

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபித்தால்தான் தேவனோடு நெருங்க முடியும் என்று உங்கள் சபையில் சொல்கிறார்கள். உங்களுக்கோ காலை ஷிஃப்ட், சின்னப் பிள்ளைகள், கம்பெனி பஸ். நான் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நீலகிரி மலையில் கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறவன். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் முழங்காலில் இருப்பவர்களைவிட, தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறவர்கள்தான் அதிகம். இருட்டோடு பிடுங்கி, தழையைக் கிள்ளி, மெஷினில் கழுவி, மூட்டை பிடித்து மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏற்ற வேண்டும். நடுவில் காட்டெருமை வந்து நின்றால் ஜெபம் தானாகவே வரும், அது வேறு கதை.

இயேசு இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. அதிகாலை ஜெபத்துக்கு எல்லாரும் காட்டும் வசனம். அதன் முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஊரே வீட்டு வாசலில் கூடியிருந்தது. காலையில் சீமோனும் கூட இருந்தவர்களும் பின்தொடர்ந்து போய், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவரும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். எத்தனை மணி நேரம் ஜெபித்தார் என்று மாற்கு எழுதவே இல்லை. இரண்டு கூட்டத்துக்கு நடுவே கிடைத்த இடைவெளி அது.

ஜெபத்தை மணிக்கணக்கில் அளப்பதுதான் பலரைத் தேவனிடமிருந்து தள்ளி வைக்கிறது என்பது என் அபிப்பிராயம். நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் கூச்சம் வந்துவிடும். பாக்கி வைத்த கடையைக் கண்டு அடுத்த தெரு வழியாகப் போகிறவன் மாதிரி ஆகிவிடுகிறோம். நான் சிஎஸ்ஐ சபைக்காரன். பெந்தெகொஸ்தே நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, இருக்கட்டும்.

நான் செய்வது எளிதானது. ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம். மொத்தம் 150, ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். 119 மட்டும் 176 வசனம், அதை எட்டு எட்டாகப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள், அப்படியே பிரித்து வாசித்துக்கொள்ளலாம். வாசித்ததில் ஒரு வரியை மட்டும் அன்றைக்கு மனதில் வைத்துக்கொள்வேன். சங்கீதம் என்றாலே துதி என்று நினைக்கிறவர்கள் 88ஐ வாசிக்க வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை புலம்பல்தான், முடிவும் இருளில்தான். அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. அப்படியென்றால் நம் புலம்பலுக்கும் அங்கே இடம் உண்டு.

கேரட் கழுவும் மெஷின் ஓடும்போது டிரம் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலே காதில் விழாது. செம்மண் தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே நின்றுகொண்டு வாய்விட்டே பேசுவேன். 'ஆண்டவரே, இன்றைக்கு விலை கூலிக்கே பத்தாது. உரக்கடை பாக்கி நிற்கிறது. மகளுக்கு ஃபீஸ் கட்டணும். எனக்குக் கோபமாக இருக்கிறது.' சபையில் எழுந்து நின்று ஜெபிக்கிற பாஷை இல்லை இது. ஆனால் 'இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்' என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை வேலை செய்து பிழைக்கிறவன் வேறு எப்படிக் கைக்கொள்வது? நீங்கள் பஸ்ஸில் உதட்டை அசைக்காமலே இதைச் செய்யலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். மடத்துச் சமையல்காரர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் நிற்கும்போது இருப்பதுபோலவே தேவனோடு இருப்பதாகச் சொன்னவர். பிரசங்கங்களில் அடிக்கடி வருவார். ஆனால் சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை என்பதைப் பலரும் சொல்வதில்லை. எனக்கு அந்த இடம்தான் முக்கியம். பிடிக்காத வேலையிலும் அவர் அதைப் பழகினார். எங்கள் கேத்திக்கு 1846ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனிலிருந்து வந்த மிஷனரிகளும் வேலையையும் விசுவாசத்தையும் தனித்தனியாக வைத்தவர்கள் இல்லை. மங்களூரில் 1865ல் கூரை ஓட்டுத் தொழிற்சாலையே வைத்து நடத்தினார்கள்.

அப்புறம், ஜெபத்தைப் பற்றியே பேசிக்கொண்டு மூட்டையை மறந்துவிடக் கூடாது. மூட்டை பிடிக்கும்போது வெடித்தது, வளைந்தது, பொடி எல்லாம் நடுவில் போய், நீளமான நல்ல கேரட் மேலே வந்து உட்காரும். யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, கை தானாகப் போகும். 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று நீதிமொழிகள் 11:1. காலையில் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு மத்தியானம் இப்படி மூட்டை கட்டுகிறவர் தேவனோடு நெருங்கி இருப்பதாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். வாங்குகிறவர் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 'அவர் யோக்கியமாக இருந்தால் நீயும் இரு' என்று அந்த வசனத்தில் இல்லையே! உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும். எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதேபோலத்தான் சண்டையும். மலைத் தோட்டத்தில் தண்ணீர்ப் பைப்புக்காகச் சொந்த அண்ணன் தம்பியே பேசாமல் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். காணிக்கையைப் பீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. ஆராதனையையே பாதியில் நிறுத்தச் சொல்கிற வசனம் இது.

வீட்டில் குடும்ப ஜெபம் சுருக்கமாகப் போதும். பிள்ளைகளை முதலில் ஜெபிக்க விடுங்கள், இல்லாவிட்டால் நம் ஜெபம் முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். சபைக்குப் போவதை மட்டும் மனசு வரும் வரை தள்ளிப்போடாதீர்கள்.

பின்வாங்கிப் போனவர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாளைக்குப் பஸ்ஸில் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம், நீங்கள் இறங்கும் இடம் வருவதற்குள் இரண்டு தடவை வாசித்துவிடலாம்.