கண்ணாடி மூடியின் சட்டங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1/72 அளவில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய விமானமான மிட்சுபிஷி ஸீரோவின் மாடல் ஒன்றைச் செய்து வருகிறேன். விமானி அறையை மூடும், கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் பகுதியில், கட்டங்களைப் பிரிக்கும் சட்டங்கள் மிக அதிகம். முதலில் நுண்ணிய தூரிகையால் வரைந்து பார்த்தேன்; கோடுகள் நெளிந்தன. அவற்றைத் துடைத்துவிட்டு, வண்ணம் படக்கூடாத இடங்களை மறைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி, காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷால் அடித்தேன். சில இடங்களில் வண்ணம் டேப்புக்கு அடியில் கசிந்தது. வேறு சில இடங்களில் டேப்பை உரித்தபோது வண்ணமும் செதில் செதிலாக வந்துவிட்டது. என் கைதான் இதற்குப் பழகவில்லையா, அல்லது முறையில் பிழையா?

பதில்: பிழை முறையில்தான். உண்மையான விமானத்தில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சட்டம் 1/72 அளவில் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டராகிவிடுகிறது, 1/48 அளவிலும் அது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வழுக்கும், வளைந்த பரப்பின் மேல் அத்தனை மெல்லிய கோட்டை இரு ஓரங்களும் இணையாக இருக்கும்படி தூரிகையால் இழுப்பது தேர்ந்த கைகளுக்கும் அரிது. ஆகவே டேப்புக்குத் திரும்புங்கள். ஆனால் டேப் ஒட்டுவதற்கு முன்னும், உரிக்கும்போதும் செய்யவேண்டியவற்றில் கவனம் வையுங்கள்.

முதல் வேலை, கண்ணாடிப் பகுதியைச் சோப்பு நீரில் கழுவி, விரல்களின் எண்ணெய்ப் பசையும் அச்சிலிருந்து வந்த பிசுக்கும் போகும்படி செய்வது. வண்ணம் செதிலாக உரிவதற்கு இந்தப் பிசுக்கே பெரும்பாலும் காரணம். மற்றப் பகுதிகளைப் போல இதனை உப்புத்தாளால் தேய்த்துப் பிடிப்பு உண்டாக்கவும் முடியாதல்லவா? கழுவி உலர்ந்தபின், தரைக்கு மெருகேற்றப் பயன்படும் நிறமற்ற அக்ரிலிக் திரவத்தில், மாடல் செய்வோர் இன்றும் ஃபியூச்சர் என்ற பழைய பெயரால் குறிப்பிடும் அதே திரவத்தில், ஒருமுறை முக்கி எடுத்து, கீழ் ஓரத்தில் தேங்கும் துளியைக் காகிதத்தால் ஒற்றிவிட்டு, தூசி படாமல் மூடி ஒரு நாள் முழுவதும் உலர விடுங்கள். அது தானாகவே சமமாகப் பரவி மெல்லிய கீறல்களை நிரப்புவதால் தெளிவு கூடும். வண்ணத்துக்கும் நல்ல பிடிப்புக் கிடைக்கும்.

டேப் ஒட்டுவதில் இரண்டு வழிகள் உள்ளன. சட்டங்கள் புடைப்பாகத் தெரிந்தால், மெல்லிய காகித மாஸ்கிங் டேப்பை ஒரு பகுதி முழுவதும் ஒட்டி, பல்குச்சியின் மழுங்கிய முனையால் சட்டத்தின் ஓரம் நெடுகிலும் அழுத்தித் தேய்த்தால் ஓரம் டேப்பின் மேலேயே தெளிவாகப் படியும். பின்னர், புதிய முனை பொருத்திய கத்தியை அந்தப் புடைப்பின் ஓரத்தில் சாய்த்து, கத்தியின் எடையே போதும் என்னும் அளவுக்கு மெதுவாக இழுத்து வெட்டி, சட்டத்தின் மேலுள்ள பட்டையை மட்டும் எடுத்துவிட வேண்டும். முனை மழுங்கினால் கை தானாகவே அழுத்தும். அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கீறல் வண்ணத்தின் ஓரத்தில் வெள்ளிக் கம்பி போல மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு மூடிக்கு இரண்டு மூன்று முனைகளைச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாம் வழியில் கத்தி கண்ணாடியைத் தொடுவதே இல்லை. வளைவு மிகுந்த மூடிகளுக்கு நான் விரும்புவது இதையே. கண்ணாடிப் பலகையின் மேல் டேப்பை ஒட்டி, இரும்பு அளவுகோலை வைத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் இழைகளாக வெட்டி, ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்தின் நான்கு ஓரங்களிலும் சட்டத்தை ஒட்டினாற்போல் அவற்றைப் பதிக்க வேண்டும். அகலமான டேப் வளைவில் சுருங்கி எழும்பும் இடத்தில் மெல்லிய இழை இணக்கமாக வளைந்துகொடுக்கும். நடுவில் எஞ்சும் வெற்றிடத்தைத் துண்டு டேப்பாலோ, ரப்பர்ப் பால் வகையைச் சேர்ந்த மாஸ்கிங் திரவத்தாலோ மூடலாம். அந்தத் திரவத்தை மட்டுமே நம்பி ஓரத்தை அமைக்காதீர்கள். உரிக்கும்போது அது பிசிறாகக் கிழியும். ஸீரோ போன்ற புகழ்பெற்ற விமானங்களுக்கு அளவாக வெட்டப்பட்ட மாஸ்க் தொகுப்புகளும் வருகின்றன; சட்டங்கள் இவ்வளவு அதிகமாக உள்ளபோது அவற்றை வாங்குவது நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்தும். மூடியின் உட்புறத்தையும் டேப்பால் அடைக்க மறந்துவிடாதீர்கள்; ஏர்பிரஷின் தூவல் அங்கும் நுழையும்.

கசிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் நீர்த்த வண்ணம் அதனுள் தானாகவே இழுக்கப்படும். ஆகவே முதலில் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை அடித்து விடுங்கள்; கசிய வேண்டுமானால் அதுவே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும், கண்ணுக்கும் தெரியாது. அடுத்ததாக விமானி அறையின் உள்நிறத்தை வெளிப்புறத்திலேயே அடிக்க வேண்டும். சட்டத்தைக் கண்ணாடி வழியே உள்ளிருந்து பார்க்கும்போது தெரிவது முதற்பூச்சு என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியைச் சேர்ந்த ஜெர்மன் விமானம் என்றால் ஆர்எல்எம் 66 என்ற கரும் சாம்பல் நிறம், பிரிட்டிஷ் விமானம் என்றால் சாம்பற்பச்சை என்று அந்தந்த நாட்டுக்கேற்ப அமையும். அதன் மேல் வெளிநிறம். ஒவ்வொன்றையும் பனி படிவது போல மெல்லிய பூச்சுகளாக, இடையே உலரவிட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் தடிப்பாக அடித்தால் வண்ணம் சட்டத்தையும் டேப்பையும் சேர்த்து ஒரே தோலாகிவிடும். உங்களுக்கு நேர்ந்ததுபோல் ஒன்றை இழுக்க மற்றொன்றும் வரும்.

உரிக்கும் நேரம் மிக முக்கியம். வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்து, முற்றிலும் இறுகுவதற்கு முன், கத்தி முனையால் ஓரத்தைப் பட்டும் படாமல் ஒருமுறை கோடிட்டுவிட்டு, டேப்பை மேல்நோக்கித் தூக்காமல் தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். அதன் பிறகும் ஓரிடத்தில் வண்ணம் மீறியிருந்தால், பல்குச்சியின் முனையை உளி போலச் சீவிக்கொண்டு சுரண்டினால் போதும். மரம் வண்ணத்தை நீக்கும், கண்ணாடியைக் கீறாது. லாக்கர் தின்னரை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். மூடி செய்யப்பட்ட பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் அதில் கரைந்து நுண்ணிய வெடிப்புகள் விடும்.

கேள்வி: வண்ணம் நன்றாகவே அமைந்தது. ஆனால் மூடியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி வைத்த மறுநாள் கண்ணாடி முழுவதும் வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிட்டது. மீட்க முடியுமா?

பதில்: சூப்பர் க்ளூவின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகிப் படிந்த வெள்ளைப் படலம் அது. மூடியைக் கழற்ற முடிந்தால், மிக நுண்ணிய மெருகுப் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்து எடுத்து, மேற்கூறிய தரை மெருகுத் திரவத்தைப் பூசினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். கழற்ற முடியாவிட்டால் உட்புறத்தை எட்ட வழியில்லை. இனி மூடிகளை ஒட்ட வெள்ளைப் பி.வி.ஏ. பசையைப் பயன்படுத்துங்கள். அது ஆவி விடாது, உலர்ந்தால் நிறமற்றுப் போகும், பிசகினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கேள்வி: வெற்றிட முறையில், அதாவது சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அச்சின் மேல் உறிஞ்சிப் படியவைத்து, செய்யப்பட்ட மெல்லிய மூடி ஒன்று என்னிடம் உள்ளது. அதில் சட்டங்களின் புடைப்பு மிக மங்கலாக இருப்பதால் டேப்பை வெட்ட ஓரமே தெரியவில்லை.

பதில்: இதற்கு டெக்கால், அதாவது நீரில் நனைத்துத் தாளிலிருந்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படலம், அதன் பட்டைகளே ஏற்றவை. நிறமற்ற டெக்கால் தாளில் முதலில் உள்நிறத்தையும் அதன்மேல் வெளிநிறத்தையும் அடித்து, நன்கு உலர்ந்தபின் அளவுகோல் வைத்துச் சட்டத்தின் அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். நீரில் நனைத்து ஒவ்வொன்றாக வைத்து, நேராக வரும்வரை ஈரத் தூரிகையால் நகர்த்தலாம்; தவறினால் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். முதலில் ஒரு திசையில் ஓடும் பட்டைகளை எல்லாம் முடித்து, அவை முழுவதும் உலர்ந்த பிறகே குறுக்குப் பட்டைகளைத் தொடங்குங்கள். ஈரமான பட்டையின் மேல் மற்றொன்றை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும்.