குட்டி யானையில் ஆட்களை ஏற்றினால்: ‘கூட்ஸ் கேரேஜ்’ என்ற சொல் யாரைக் காக்கும்?

கேள்வி: என் குட்டி யானையைப் பக்கத்துத் தெருக்காரர்கள் குலதெய்வக் கோயில் கிடா வெட்டுக்கு 3,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். கிடாக்களின் சொந்தக்காரர் கேபினில் டிரைவர் பக்கத்தில் இருந்தார். எட்டுப் பேர் பின்னால், இரண்டு கிடா, பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். திருப்பத்தில் வண்டி கவிழ்ந்து பின்னால் இருந்த ஒருவர் இறந்துவிட்டார். கேபினில் இருந்தவர் உட்பட நான்கு பேருக்குக் காயம். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. எல்லாம் கவர் ஆகும் என்றுதான் ஏஜென்ட் சொன்னார். இப்போது கம்பெனி, “இது கூட்ஸ் கேரேஜ் (சரக்கு வண்டி), ஆள் ஏற்றியதற்குப் பொறுப்பில்லை” என்கிறது. நான் ஓசியில் ஏற்றவில்லை, வாடகை வாங்கித்தான் ஏற்றினேன். டிரைவருக்கு பேட்ஜும் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி) இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னது தீர்ப்பாயத்தில் எடுபடாது. பேட்ஜ் பற்றிய பயத்தை விடுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் முடிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நாளில் லைசென்ஸ் நடப்பில் இருந்தால் போதும். வாடகை வாங்கினேன் என்பதை மட்டும் தெம்பாகச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். பாலிசியில் ‘லிமிடேஷன்ஸ் அஸ் டு யூஸ்’ (வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற வரம்பு) என்ற பகுதியைப் படியுங்கள். ஓசியோ கூலியோ, பயணிகளை ஏற்றுவது அதற்கு வெளியே.

இந்த வழக்கில் எடுபடும் கேள்வி ஒன்றுதான்: வண்டியில் இருந்த ஒவ்வொருவரும் சரக்குக்காரராக ஏறினாரா, பயணியாக ஏறினாரா?

1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘கூட்ஸ் வெஹிக்கிள்’ என்றால் சரக்கோடு பயணிகளையும் ஏற்றும் வண்டியும் அடங்கும். 1988 சட்டத்தின் ‘கூட்ஸ் கேரேஜ்’ விளக்கத்தில் பயணிகள் என்ற பேச்சே இல்லை. சரக்குக்காக மட்டுமே கட்டப்பட்ட வண்டி என்று சுருக்கிவிட்டார்கள். 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துத்தான், சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றது. 1994 திருத்தம் திறந்துவைத்த வழி ஒன்று உண்டு: சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவரது பிரதிநிதி வண்டியில் வந்தால் அவருக்கு கவர் உண்டு. ‘கூட்ஸ்’ என்பதில் கால்நடையும் சேரும், பயணிகளின் சொந்தச் சாமான் சேராது. ஆகவே கிடா சரக்கு. பின்னால் இருந்தவர்களின் பைகள் சரக்கல்ல, விருந்துப் பாத்திரத்தையும் கம்பெனி அந்தக் கணக்கில்தான் தள்ளப் பார்க்கும்.

கிடாக்காரருக்கு வாதம் இருக்கிறது. சரக்குக்காரர் கேபினில்தான் வரவேண்டும் என்பது தீர்ப்புகளின் நிலைப்பாடு, அவர் அங்கேதான் இருந்தார். பார்வை மகஜரில் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) கிடாக்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, எஃப்.ஐ.ஆரிலும் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே நகல் வாங்கிப் பாருங்கள். “சாமி கும்பிடச் சென்றபோது” என்று மட்டும் இருந்தால், கிடா வந்ததை டிரைவரின் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். மீதி எட்டுப் பேருக்கு இந்த வாதம் இல்லை. அவர்களையும் சரக்குக்காரர்களாக்க அரிசி பில், பாத்திர வாடகை பில் என்று தயார் செய்யச் சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பில் பொய்யானால் கிடாக்காரரின் உண்மையும் சேர்ந்து போய்விடும், பொய்ச் சான்று வழக்கு வேறு வரும்.

வண்டிக்காரர்கள் உண்மையில் அழிவது வேறு இடத்தில். நோட்டீஸ் வந்ததும் “கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார்” என்று இருந்துவிடுகிறார்கள். இந்த வழக்கில் கம்பெனி வக்கீல் உங்களுக்கு எதிரி. ஆட்கள் எல்லோரும் பயணிகள் என்று நிரூபிப்பதே அவர் வேலை. நீங்கள் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆனால் அதை மறுக்க ஆளில்லை. கம்பெனியின் இன்வெஸ்டிகேட்டர் வீட்டுக்கு வந்து “ஒன்பது பேரை வாடகைக்கு ஏற்றினேன்” என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்பார். கிடாவும் கேபின் இருக்கையும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அது நாளை கம்பெனி தரப்புச் சான்றாவணம்.

அடுத்தது தீர்ப்புக்குப் பிறகு வரும் ஏமாற்றம். சில தீர்ப்புகள் கம்பெனியை முழுக்க விடுவிக்கின்றன. சில, முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்கின்றன. இரண்டாவது வகையைக் கேட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். தனி வழக்குப் போடாமலே, அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனுவில் (தீர்ப்புத் தொகையை வசூலிக்கப் போடும் மனு) கம்பெனி உங்கள் மேல் வரும். வண்டியும் மனையும் ஜப்தியாகலாம். வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம், மனுப் போட்ட நாளிலிருந்து. மேல்முறையீட்டுக்கு 90 நாள். 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். தடை உத்தரவுக்கு அதைவிடப் பெரிய தொகை கேட்பது வழக்கம். பயந்துபோய் வீட்டை மனைவி பெயருக்குத் தானம் எழுதாதீர்கள். கடன்காரரை ஏமாற்ற எழுதியது என்று அந்தப் பத்திரத்தையே தட்டிவிடுவார்கள், உங்கள் நாணயமும் போய்விடும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: பின்னால் இருந்தவர்கள் விஷயத்தில் சமரசம் பேசுங்கள். இறந்தவரின் குடும்பத்தோடு முதலில். ஆனால் ஊர்ப் பெரியவர் முன்னால் பத்திரத்தாளில் எழுதி வாங்கும் சமரசம் வேண்டாம். மனைவி மட்டும் கையெழுத்திட்டால் இறந்தவரின் தாயாரும் பிள்ளைகளும் தங்கள் பங்கைக் கேட்டு நிற்க முடியும். தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் வர வேண்டும்; மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடித்தால் அது நீதிமன்ற டிகிரிக்குச் (தீர்ப்பாணைக்குச்) சமம், அப்பீல் கிடையாது. தவணை கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு தவணையையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

கிடாக்காரரின் மனுவை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அதில் உங்கள் சொந்த வக்கீல் எதிருரை தாக்கல் செய்து, அவர் சரக்கின் சொந்தக்காரர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதட்டும். நோட்டீஸில் உள்ள வாய்தா தேதிக்கு முன் வக்காலத்து (உங்கள் வக்கீலுக்கு வாதாட அதிகாரம் தரும் பத்திரம்) போய்ச் சேர வேண்டும்.