காந்த முனையில் என்ன இருந்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆர்க்டிக் பயணங்கள் பற்றிய உங்கள் குறிப்பில் இரண்டு சந்தேகங்கள். 1818இல் ஜான் ராஸ் லங்காஸ்டர் நீரிணையில் இல்லாத மலையைப் பார்த்துக் கப்பலைத் திருப்பினாரே, அது கோழைத்தனமா? அவருடைய சகோதரர் மகன் ஜேம்ஸ் ராஸ் 1831இல் வட காந்த முனையைக் கண்டுபிடித்ததில் என்ன பெரிய சாதனை? திசைகாட்டி முள் காட்டும் பக்கமாகவே நடந்தால் யாரும் போய்ச் சேரலாமே?

ஆர். எம்.

அன்புள்ள ஆர். எம்.,

கோழைத்தனம் இல்லை, கானல். குளிர்ந்த காற்றடுக்குகளில் ஒளி வளைந்து தொலைவுப் பனியை மலையாகத் தூக்கிக் காட்டும். அதற்குக் குரோக்கர் மலைகள் என்று பெயரும் சூட்டிவிட்டார், பாவம். மறுவருடமே பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பாரி அந்த 'மலை' வழியாக ஹெக்லா கப்பலை ஓட்டிக்கொண்டு போனார். அதை விடுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முனையை நெருங்க நெருங்க பூமியின் காந்த விசை தரைக்குள் இறங்குகிறது. கிடையாக முள்ளை இழுக்க மிச்சமிருப்பது சொற்பம். 1819இல் பிரின்ஸ் ரீஜன்ட் நீரிணையில் பாரியின் திசைகாட்டிகள் கப்பலின் இரும்பு இழுத்த பக்கம் திரும்பி நின்றன. எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். முனையிலோ ஜேம்ஸ் ராஸ் தொங்கவிட்ட கிடை ஊசிகள் அசையவே இல்லை. நீங்கள் எந்த முள்ளின் பின்னால் நடப்பதாக உத்தேசம்?

அங்கே பேசுவது சரிவு ஊசி மட்டும்தான்; காந்த விசை எவ்வளவு சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது என்று காட்டுவது. செங்குத்தான அளவு வட்டத்துக்குள், கிடையான மெல்லிய அச்சில் மேலும் கீழும் ஆடும் ஊசி. ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்கிற சமாசாரம் இல்லை இது. அச்சு வட்டத்தின் நடுவில் சரியாக இராது. அதனால் ஊசியின் இரு நுனிகளையும் படிக்க வேண்டும். வட்டத்தின் பூஜ்யக் கோடு பிசகியிருக்கும். கருவியைக் கிழக்கு முகமாகவும் மேற்கு முகமாகவும் திருப்பிப் படிக்க வேண்டும். ஊசியின் காந்த அச்சு அதன் உடல் அச்சோடு பொருந்தாது. ஊசியைப் புரட்டிப் போட வேண்டும். கடைசியில் எடை. ஈர்ப்பு மையம் இம்மி விலகினாலும் ஒரு நுனி கனத்துத் தாழும். சட்டக் காந்தங்களால் தேய்த்து ஊசியின் வடக்கைத் தெற்காக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பதினாறு வாசிப்பு, ஒரு சராசரி. அச்சில் துளி துரு ஏறினால் அத்தனையும் வீண். இவ்வளவும் உறைகுளிரில், எண்ணெய் போல வழுக்கும் சின்னஞ்சிறு பாகங்களைப் பிடித்துக்கொண்டு.

1831 ஜூன் 1 அன்று வட கனடாவின் பூத்தியா தீபகற்பக் கரையில் ஜேம்ஸ் ராஸுக்குக் கிடைத்தது 89 பாகை 59 கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை). செங்குத்துக்கு ஒரு கலை குறைவு. கல்லடுக்கிக் கொடி நட்டார். முனை அங்கேயே நிற்கவும் இல்லை. பின்னாளில் நார்வே நாட்டு ஆய்வுப் பயணி அமுண்ட்சென் போனபோது நகர்ந்திருந்தது.

கொடி நட்டவரைப் பற்றியே கேட்கிறீர்கள், ஜான் ஸ்மித்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாரியின் கப்பலில் வந்த விஞ்ஞானி, பீரங்கிப்படை அதிகாரி சபைனின் ஏவலாள் அவர். 1820 பிப்ரவரி 24, மெல்வில் தீவில் கரைமேல் கட்டிய ஆய்வுக் குடில் தீப்பிடித்தது. அடுப்பருகே இருந்த சரிவு ஊசிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். கையுறை போட நேரமில்லை. அரைமணி கழித்துக் கப்பலில் மருத்துவர் அந்தக் கைகளைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கியபோது தண்ணீரின் மேற்பரப்பு உறைந்துபோயிற்று. பிறகு ஒரு கையில் நான்கு விரல்களையும் மறுகையில் மூன்றையும் பாதியில் வெட்ட வேண்டியதாயிற்று.