ஏனுங்க, ஒரு கேள்வி!

கேள்வி: தம்பி மகன் ‘ஹெல்சிங்’ என்ற ஜப்பானியப் படக்கதையின் 7-ம் தொகுதியைக் கொடுத்து, “படிச்சுப் பாருங்கத்தை” என்றான். ஒரே ரத்தக்காட்டேரிச் சண்டை. நடுவில் யாரோ ஒரு குழந்தையின் கதை எதற்கு?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதல் ஆறையும் விட்டுவிட்டு ஏழாவதில் ஏறினால் அப்படித்தான் இருக்கும் அம்மிணி! ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகத்தானே படித்தீர்கள்?

அந்தக் குழந்தைதான் செராஸ் விக்டோரியா. சண்டை போடுகிறாளே ஒரு காட்டேரிப் பெண், அவளுடைய சின்ன வயசுக் கதை அது. அப்பா போலீஸ்காரர். வீடு புகுந்து பெற்றோரைக் கொல்கிறார்கள். இவள் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறாள். ஒளிந்தவள் அப்படியே இருந்திருக்கலாம். முட்கரண்டியை எடுத்துக்கொண்டு கொலைகாரன் மேல் பாய்கிறாள்! சோரின் என்கிற எதிரி மாயவித்தையால் அந்த நினைவைக் கிளறுவது இவளை முடக்கத்தான். ஆனால் இத்தனை தொகுதியாக ரத்தம் குடிக்கத் தயங்கியவள், இதற்கப்புறம்தான் முழுக் காட்டேரி ஆகிறாள். சண்டைப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, அந்த முட்கரண்டிப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

வரைந்தவர் கோட்டா ஹிரானோ. 1997-ல் தொடங்கி 10 தொகுதிகளில் முடித்தார். நாயகன் அலுகார்டின் பழங்கதையும் பின்னால் வருகிறது. எனக்கென்னவோ செராஸ் கதைதான் உசத்தி.

அப்புறம், பையன் பள்ளிக்கூடம் போகிறவன் என்றால் புத்தகத்தை அட்டாலியில் போட்டு வையுங்கள். வெட்டுக்குத்து ரொம்ப அதிகம்.