மருத்துவர் பதில்: இரத்தக் கொதிப்பை மறைக்கும் தீயணைப்பு வீரர்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. தீயணைப்பு நிலையம் ஒன்றில் பணிபுரிகிறார். இரண்டு ஆண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். உடல்தகுதி இல்லையென்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் நிலையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சென்ற மாதம் ஒரு பஞ்சு குடோன் தீயை அணைத்துவிட்டு விடியற்காலையில் வந்தவர், நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதென்று அரைமணி நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். புகை குடித்ததால்தான் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, இராஜபாளையம்

பதில்: சகோதரி, அந்த அரைமணி நேரத்தைப் புகையின் தலையில் கட்டிவிட முடியாது. ஓரிரு நாளுக்குள் இதயநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; ஈசிஜி, எக்கோ, மருத்துவர் தேவையென்று கருதினால் டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றைச் செய்துகொள்ளட்டும். மீண்டும் நெஞ்சு இறுகினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

தீயணைப்பு வீரர்களைத் தீதான் கொல்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த வீரர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறக்குறைய 39 விழுக்காட்டினரின் உயிரைப் பறித்தது இதயநோய் என்று தெரிந்தது. அவர்களின் பணிநேரத்தில் தீயை நேரடியாக அணைப்பது 1 முதல் 5 விழுக்காடுதான். இதயநோய் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அந்தச் சிறிய நேரத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. தீயை அணைத்துவிட்டுத் திரும்பும் நேரத்திலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடுவதில்லை.

உறக்கத்தில் இருப்பவரை நிலையத்து மணி எழுப்பும்போதே இதயத்துடிப்பு ஏறிவிடுகிறது. கனத்த பாதுகாப்பு உடையையும், முதுகில் மூச்சுக்கருவியையும் சுமந்துகொண்டு அனலுக்குள் நுழைந்தால், உடலின் சூடு வெளியேற வழியின்றி வியர்வை கொட்டி, இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, அது உறையும் தன்மையும் கூடுகிறது. பஞ்சு கொழுந்துவிட்டு எரிவதைவிட உள்ளுக்குள் கனன்று புகைவதே அதிகம். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே சுருங்கிய இரத்தக் குழாய் உள்ளவருக்கு இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்னாகும் என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆயினும், இரத்தக் கொதிப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே வேலை போய்விடும் என்று அவர் முடிவுகட்டத் தேவையில்லை. தீயணைப்பு வீரர்களின் உடல்தகுதிக்கென்று அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறிமுறைகூட, கட்டுக்குள் அடங்காத அல்லது இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைப் பாதித்துவிட்ட கொதிப்பையே தடையாகக் கருதுகிறது. நோயை மறைப்பவருக்கோ அது கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. புகைக்குள் அவர் மயங்கி விழுந்தால், உடன் சென்றவர்தான் தம் உயிரைப் பணயம் வைத்து அவரை இழுத்துவர வேண்டும். இதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட உங்கள் சொல் அவருக்கு உறைக்கும்.

மருத்துவரிடம் அவருடைய தொழிலை மறக்காமல் குறிப்பிடுங்கள். சில கொதிப்பு மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும். அனலில் நீர் வற்றும் உடலுக்கு அவை ஏற்றவையா என்று மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2022இல் தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வகையில் சேர்த்தது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாக அது கூறியது. எனவே தீயிலிருந்து வந்தவர் காதுமடலின் பின்புறத்திலும் கழுத்து மடிப்பிலும் படிந்த கரி போகும்வரை சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அந்தச் சீருடையைக் குழந்தைகளின் துணியோடு ஊறவைக்காமல் தனியாகத் துவையுங்கள். என்றைக்காவது சிறுநீரில் இரத்தம் தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.